கையில் ஒரு நல்ல வாய்ப்பு, எதிரே எம்.பி.ஏ: எதை முன்னே வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மனத்தைத் தயார்செய்த நேரத்தில், அல்லது இடமே கிடைத்துவிட்ட பிறகு, அலுவலகத்தில் ஒரு பெரிய பொறுப்பு வந்து நிற்கும். இதைக் கெட்ட நேரம் என்று பலர் நொந்துகொள்கிறார்கள். உண்மையில் இது இயல்பாகவே நடக்கக்கூடியது. கல்லூரி உங்களிடம் எதைப் பார்த்து இடம் தருகிறதோ, அதையே பார்த்துத்தான் நிறுவனமும் பொறுப்பைத் தருகிறது. இரண்டும் ஒரே பருவத்தில்தான் பழுக்கும். நான் இந்த இடத்தில் ஒருமுறை தவறாகவும் ஒருமுறை சரியாகவும் முடிவெடுத்தவன். அதன்பின் இளைய நண்பர்கள் பலர் இதே குழப்பத்தோடு வந்து பேசியிருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

வேலை வாய்ப்பா, படிப்பா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எது மறுபடியும் வரும் என்பதைப் பாருங்கள். கல்லூரியின் கதவு ஒவ்வோர் ஆண்டும் திறக்கிறது. அடுத்த ஆண்டு போட்டி சற்றுக் கூடலாம், கட்டணம் உயரலாம், ஆனால் கதவு திறக்கும். ஒரு புதிய பிரிவைத் தொடங்கும் பொறுப்பு, நொடித்த கிளையை நிமிர்த்தும் பொறுப்பு, நிறுவனம் வேறொரு நாட்டில் கால் ஊன்றும்போது முதல் ஆளாகப் போகும் பொறுப்பு ஆகியவை அப்படி இல்லை. அவை வரும்போது ஒருவருக்குத்தான் வரும். நீங்கள் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார்.

அப்படியானால் வேலைதான் முன்னே என்று முடித்துவிட வேண்டாம். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நான் அதில்தான் விழுந்தேன். என் மேலாளர் என்னை அழைத்து, "ஆறு மாதம் பொறுத்துக்கொள், அடுத்த நிலை உனக்குத்தான்" என்றார். அந்த ஆண்டு விண்ணப்பத்தை நிறுத்தினேன். நான்காம் மாதம் அவரே வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் துறையை மாற்றி அமைத்தார். எனக்கென்று சொல்லப்பட்ட பதவி அந்த அமைப்பிலேயே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். ஆனால் அவர் கையில் இல்லாத ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மறு ஆண்டு வேறொரு வாய்ப்பு வந்தது. இந்த முறை நியமனக் கடிதம் கையில் இருந்தது, தொடங்கும் தேதி இருந்தது, என்னிடம் பணியாற்றப்போகும் 14 பேரின் பெயர்கள் இருந்தன. அதை எடுத்தேன். விண்ணப்பத்தையும் விடவில்லை. அந்த இரண்டாம் முடிவைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

ஆகவே வாக்குறுதிக்காகப் படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள், பொறுப்புக்காகத் தள்ளிப்போடலாம். இரண்டையும் பிரித்தறிய நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நாளைக் காலையில் உங்கள் அனுமதி இல்லாமல் நடக்காது என்று எதைச் சொல்ல முடியும்? ஒரு செலவு, ஒரு ஆள் சேர்ப்பு, ஒரு விலை நிர்ணயம் என்று குறிப்பாகச் சொல்ல முடிந்தால் அது பொறுப்பு. பதவிப் பெயர் மட்டுமே மாறுகிறது, வேலை அதேதான் என்றால், அதற்காக ஓர் ஆண்டைக் கொடுக்க வேண்டாம்.

உண்மையிலேயே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

பல நேரங்களில் இல்லை. நாட்காட்டியை விரித்து வைத்துப் பார்க்காததால்தான் அப்படித் தோன்றுகிறது. அமெரிக்காவின் பெரும்பாலான முழுநேர எம்.பி.ஏ கல்லூரிகளில் முதல் சுற்று விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் முடிகிறது, இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்தில். சில கல்லூரிகளில் மார்ச், ஏப்ரலில் மூன்றாம் சுற்று உண்டு. அதற்குள் பெரும்பாலான இடங்களும் உதவித்தொகையும் போயிருக்கும். வகுப்பு தொடங்குவதோ அடுத்த ஆகஸ்ட், செப்டம்பரில்.

அதாவது முதல் சுற்றில் விண்ணப்பிப்பவர் வகுப்பில் உட்காரக் கிட்டத்தட்ட ஓர் ஆண்டு ஆகும். ஜூலையில் புதிய பொறுப்பை ஏற்று, செப்டம்பரில் விண்ணப்பித்தால், படிக்கக் கிளம்பும்போது அந்தப் பொறுப்பில் 13 மாதங்கள் இருந்திருப்பீர்கள். ஒரு முழு நிதியாண்டின் வரவு செலவையே பார்த்து முடித்திருக்கலாம். நேர்காணல் வரும்போது சொல்வதற்குப் புதிய அனுபவமும் இருக்கும்.

சில கல்லூரிகள் ஆண்டுக்கு இரண்டு முறை மாணவர்களைச் சேர்க்கின்றன. பிரான்சின் இன்சியாட் வணிகக் கல்லூரியின் பத்து மாதப் படிப்பு ஆகஸ்ட் - செப்டம்பர் வாக்கிலும் ஜனவரியிலும் தொடங்குகிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜனவரியில் தொடங்கும் 16 மாத வழி உண்டு. ஓர் ஆண்டு தள்ளுவது அதிகம் என்று தோன்றினால் இந்த இடைவழிகளை அலசிப் பாருங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொலம்பியாவின் ஜனவரி வழியில் கோடைகால இன்டர்ன்ஷிப், அதாவது படிப்பின் நடுவே ஒரு நிறுவனத்தில் பார்க்கும் குறுகிய காலப் பயிற்சி வேலை, கிடையாது. இன்சியாடில் ஜனவரியில் சேர்பவர்களுக்குத்தான் கோடை இடைவெளி உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. துறை மாற நினைப்பவர்களுக்கு அந்த இன்டர்ன்ஷிப்தான் பாலம். அது தேவையா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது. அதன் பிறகுதான் வாய்ப்பு வந்தது. சேர்க்கையை ஓர் ஆண்டு ஒத்திவைக்கக் கல்லூரி சம்மதிக்குமா?

பெரும்பாலும் சம்மதிக்காது. கடும் நோய், கட்டாய ராணுவப் பணி, குடும்பத்தில் பெரும் இடர் போன்றவற்றுக்குத்தான் ஒத்திவைப்பு என்று பல கல்லூரிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. பதவி உயர்வு அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. 2020-ல் பெருந்தொற்றின்போது ஹார்வர்டு தன்னிடம் இடம்பெற்றவர்களுக்கு ஒத்திவைக்கும் வாய்ப்பைத் தாராளமாகக் கொடுத்தது. உலகமே முடங்கிய ஆண்டு அது. அதை முன்னுதாரணமாகக் காட்டி வாதாட முடியாது.

இருந்தாலும் கேட்பதில் தவறில்லை. ஒரே ஒரு மின்னஞ்சல், சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்: வாய்ப்பு என்ன, எத்தனை மாதம், அதன்பின் வகுப்புக்கு நீங்கள் எதைக் கொண்டுவர முடியும். அனுப்புவதற்கு முன்பே, மறுத்தால் என்ன செய்வீர்கள் என்பதை மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். மறுப்பு வந்த பிறகு யோசிக்கத் தொடங்குபவர்கள் பதற்றத்தில் முடிவெடுக்கிறார்கள். அப்படி ஒருவர் பதவியையும் உதறி, உதவித்தொகைக்கான கெடுவையும் தவறவிட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒத்திவைப்பு கிடைத்தாலும் உதவித்தொகை அடுத்த ஆண்டுக்குத் தானாகத் தொடரும் என்று நினைக்க வேண்டாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இறுதியாண்டு இளநிலை மாணவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஹார்வர்டின் "2+2" போன்ற திட்டங்களில் கல்லூரிப் படிப்பு முடியும்போதே இடத்தை உறுதி செய்துகொண்டு, இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வரலாம். ஸ்டான்ஃபோர்டு, வார்ட்டன், சிகாகோ பூத் ஆகியவற்றிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. உங்கள் தம்பி, தங்கை யாராவது இறுதியாண்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் இருக்கும் பாதிச் சிக்கல் அவர்களுக்கு வராமலே போகும்.

கிடைத்த இடத்தை மறுத்தால், அடுத்த முறை அதே கல்லூரி நம்மை ஒதுக்கிவிடுமா?

ஒதுக்காது. ஆனால் "ஏன் அப்போது வரவில்லை, ஏன் இப்போது வருகிறீர்கள்" என்று கேட்கும். அதற்கு நேர்மையான, சுருக்கமான பதில் இருந்தால் போதும். மரியாதையான மறுப்புக் கடிதம் ஒன்றை அப்போதே எழுதியிருப்பதும் உதவும். கட்டிய முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது.

புதிய பொறுப்பில் சேர்ந்து சில மாதங்களிலேயே விண்ணப்பித்தால் அது தவறாகத் தெரியாதா?

நிறுவனத்துக்குள்ளேயே மேலே போனவர் என்றால் அது பலம்தான். உங்களை நீண்ட நாள் பார்த்தவர்கள் உங்களை நம்பிப் பெரிய பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். சிக்கல் வருவது நிறுவனம் மாறியவர்களுக்கு. பல கல்லூரிகள் இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்கின்றன, அதில் ஒன்று இப்போதைய நேரடி மேலாளரிடமிருந்து வருவதையே விரும்புகின்றன. சேர்ந்து மூன்று மாதமான இடத்தில் உள்ளவரால் உங்களைப் பற்றி என்ன எழுத முடியும்? "உழைப்பாளி, கெட்டிக்காரர், எல்லோரிடமும் நன்றாகப் பழகுவார்" என்று எழுதுவார். அப்படிப்பட்ட கடிதத்தால் பயனில்லை.

அந்த நிலையில் பழைய மேலாளரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, இப்போதைய மேலாளரிடம் ஏன் கேட்கவில்லை என்பதை விண்ணப்பத்தில் அதற்கென்றே இருக்கும் இடத்தில் இரண்டு வரியில் விளக்கலாம். அல்லது முதல் சுற்றை விட்டு ஜனவரிச் சுற்றுக்குப் போகலாம். அந்த நான்கு மாதத்தில் ஒரு உருப்படியான வேலையை முடித்துக் காட்டினால் கடிதத்தின் தரமே மாறிவிடும். முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில் அரைகுறை விண்ணப்பத்தை முதல் சுற்றில் போடுவதைவிட, முழுமையான ஒன்றை இரண்டாம் சுற்றில் போடுவதே மேல்.

மேலாளரிடம் எப்போது சொல்வது? சொன்னால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மனம் கனப்பது இதில்தான். ஏனென்றால் இங்கே இன்னொரு மனிதரும் இருக்கிறார். உங்களை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுக்க நினைக்கும் ஒருவரிடம், "இன்னும் 12 மாதத்தில் போகப்போகிறேன்" என்பதை மறைப்பது சரியா?

நான் வகுத்துக்கொண்ட வரம்பு இது. விண்ணப்பிக்கலாமா என்ற எண்ண அளவில் இருப்பதை யாரிடமும் சொல்ல வேண்டிய கடமை இல்லை. எண்ணங்கள் மாறும். விண்ணப்பிப்பது கிடைப்பதாகவும் ஆகாது. ஆனால், நீங்கள் இரண்டு, மூன்று ஆண்டுகள் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பொறுப்பு தரப்படுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்து, உங்கள் கையில் ஏற்கனவே சேர்க்கைக் கடிதமும் இருந்தால், அங்கே மௌனம் காப்பது நியாயமில்லை. உங்களிடம் பணியாற்றப்போகிறவர்களில் ஒருவர் உங்களை நம்பி வேறொரு வேலையை விட்டு வந்திருக்கக்கூடும்.

மேலாளரைக் கணிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. இதற்கு முன் படிக்கப் போனவர்களைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். பெருமையோடு பேசுபவர் என்றால் அவரிடம் முன்கூட்டியே சொல்லலாம். அவரே பரிந்துரையும் எழுதுவார், உங்கள் இடத்துக்கு ஒருவரைத் தயார்செய்யும் வேலையையும் உங்களிடம் கொடுப்பார். அப்படித் தயார்செய்ததே விண்ணப்பத்தில் நீங்கள் எழுதக்கூடிய மிக நல்ல அனுபவமாக அமையும். போனவர்களைத் துரோகிகளைப் போல் பேசுபவர் என்றால், கடிதம் கையில் வரும்வரை காத்திருங்கள். வந்த பின் ஒரு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

ஜிமேட் மதிப்பெண் காலாவதி ஆகிவிடுமே?

எம்.பி.ஏ சேர்க்கைக்குக் கேட்கப்படும் ஜிமேட், ஜி.ஆர்.இ தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டும் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் பெரும்பாலும் பாதிப்பில்லை. பழைய ஜிமேட் முறை 2024 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது; அதில் எழுதியவர்களின் மதிப்பெண்ணையும் ஐந்தாண்டுக் கெடுவுக்குள் அனுப்பலாம். டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ் ஆகிய ஆங்கிலத் தேர்வுகள் இரண்டும் இரண்டே ஆண்டுகள்தாம், அதைக் கவனியுங்கள். இந்தியாவின் மேலாண்மைக் கல்லூரிகளான ஐ.ஐ.எம்.கள் நடத்தும் கேட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கை ஆண்டுக்கு மட்டுமே பயன்படும். அந்த வழியில் போகிறவர்கள் தள்ளிப்போட்டால் மறுபடி எழுதியாக வேண்டும்.

பொறுப்பு கூடியபின் படிக்க நேரம் கிடைக்காது. ஆகவே தேர்வு எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பம் எப்போது என்று தெரியாவிட்டாலும் தேர்வை எழுதி முடித்து வையுங்கள்.

ஓர் ஆண்டு தாமதித்தால் பண அளவில் எவ்வளவு இழப்பு?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பலரின் பயம் பாதியாகிவிடும். உங்கள் இப்போதைய மாதச் சம்பளத்தை ஓர் அலகு என்று வையுங்கள். இரண்டு கல்வியாண்டுப் படிப்புக்காகச் சுமார் 21 மாதம் வேலையை விடுகிறீர்கள் என்றால், விட்டுப்போவது 21 அலகு. புதிய பொறுப்பில் சம்பளம் 30 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஏற்று ஓர் ஆண்டு கழித்துப் போனால் விட்டுப்போவது 27 அலகுக்குச் சற்று மேல், அதாவது ஆறு அலகு அதிகம். ஆனால் அந்த ஓர் ஆண்டில் கூடுதலாக 3.6 அலகு சம்பாதித்திருப்பீர்கள். வித்தியாசம் மூன்று மாதச் சம்பளத்தைக்கூடத் தொடவில்லை. கட்டண உயர்வு இதற்கு மேல் வரும்.

உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது. ஓய்வு பெறும் வயது மாறாது என்றால், படிப்புக்குப் பிந்தைய உழைப்பு ஆண்டுகளில் ஒன்று குறைகிறது. முப்பது ஆண்டுகளில் ஒன்று என்றால் தாங்கலாம். ஆனால் இந்த ஆண்டு ஒரு காரணம், அடுத்த ஆண்டு இன்னொரு காரணம் என்று மூன்று ஆண்டு போய்விட்டால் தாங்காது. சம்பளம் ஏறிய அளவுக்கு வீட்டுச் செலவும் ஏறியிருக்கும். விட்டு வருவது மேலும் மேலும் கனக்கும். ஆகவே, ஒருமுறை தள்ளிப்போடுபவர் எந்த மாதத்தில் விண்ணப்பிக்கப்போகிறார் என்பதை அப்போதே குறித்துவைக்க வேண்டும் என்பேன். அதைக் குறிக்க மனம் வரவில்லை என்றால், ஒருவேளை உங்களுக்குப் படிக்கும் ஆசையே இல்லாமல் இருக்கலாம். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

வயது கூடிவிடுமே?

24 வயதில் இருப்பவருக்கு ஓர் ஆண்டு கூடுவது நன்மை. புகழ்பெற்ற இரண்டாண்டுப் படிப்புகளில் சேர்பவர்களின் சராசரி அனுபவம் ஐந்து ஆண்டுகளை ஒட்டி இருக்கிறது. அந்தச் சராசரிக்குக் கீழே இருப்பவர் புதிய பொறுப்பை எடுத்துக்கொண்டு தாராளமாகக் காத்திருக்கலாம்.

31, 32 வயதில் கணக்கு மாறுகிறது. கல்லூரி மறுப்பதால் அல்ல. அங்கே வந்து ஆள் எடுக்கும் ஆலோசனை நிறுவனங்களும் வங்கிகளும் படிப்பு முடித்தவர்களை ஒரு குறிப்பிட்ட நுழைவு நிலையில்தான் எடுக்கின்றன. 34 வயதில் அந்த நிலையில், தன்னைவிட இளையவரின் கீழ் வேலை பார்க்க உங்களுக்குச் சம்மதமா என்று உங்களையே கேளுங்கள். சம்மதம் என்றால் வயதை மறந்துவிடுங்கள். இல்லை என்றால், எட்டு, பத்து ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கென்றே எம்.ஐ.டி.யின் ஸ்லோன் ஃபெல்லோஸ், ஸ்டான்ஃபோர்டின் எம்.எஸ்.எக்ஸ் போன்ற ஓராண்டுப் படிப்புகள் இருக்கின்றன. அந்த வழியில் போகிறவருக்கு இப்போது வரும் பெரிய பொறுப்பு தடையே இல்லை. அதுவே தகுதியாகும்.

ஸ்டார்ட்அப் ஒன்றில் சேர அழைப்பு வந்திருக்கிறது. அதற்காகப் படிப்பை விடலாமா?

நிறுவனர்கள் யார், அடுத்த 18 மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறதா, உங்களுக்குத் தரும் பங்குகள் எந்தக் கணக்கில் எப்போது உங்களுடையவை ஆகும் என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் யோசியுங்கள். பொதுவாகப் பங்குகள் நான்கு ஆண்டுகளில் சிறுகச் சிறுக உரிமையாகும், முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றுமே கிடைக்காது. பத்தாம் மாதம் படிக்கக் கிளம்பினால் வெறுங்கையோடுதான் போக வேண்டும். பங்குகளை எண்ணி இந்த முடிவை எடுப்பவர்கள் இந்தத் தேதியைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டார்ட்அப் தோற்றுப்போனால் விண்ணப்பம் கெட்டுவிடும் என்ற பயம் தேவையில்லை. ஏன் தோற்றது என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரைத் தேர்வுக் குழுவினர் மதிக்கிறார்கள்.

எங்கள் நிறுவனமே செலவை ஏற்பதாகச் சொல்கிறது. அதற்காகக் காத்திருக்கலாமா?

எழுதப்பட்ட கொள்கையாக இருந்தால் காத்திருக்கலாம். ஆலோசனை நிறுவனங்கள் பலவற்றில் இது உண்டு. படித்துவிட்டுத் திரும்பி வந்து இரண்டு ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. இடையில் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுமா, மீதி மாதங்களுக்கு மட்டுமா என்ற ஒற்றை வரியைத் தேடிப் படியுங்கள். துறையை மாற்றவே படிக்கிறீர்கள் என்றால் இந்தப் பணம் உங்களைப் பழைய நாற்காலியிலேயே கட்டிப்போடும். அப்போது கடனே நல்லது.

வேலையை விடாமல் படித்தால் என்ன?

நல்ல வழிதான், எல்லோருக்கும் அல்ல. வேலையில் இருப்பவர்களுக்கான எக்சிகியூட்டிவ் எம்.பி.ஏ.வைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1943-லேயே தொடங்கிவிட்டது. இன்று பெரிய கல்லூரிகள் பலவற்றில் அது இருக்கிறது. இருக்கும் துறையிலேயே மேலே போக நினைப்பவருக்கு இது பொருந்தும். பொறுப்பும் கைவிட்டுப் போகாது, படிப்பும் நடக்கும். ஆனால் துறை மாற நினைப்பவருக்கு இன்டர்ன்ஷிப்பும் வளாக நேர்காணலும் முழு அளவில் கிடைக்காது. புதிய பொறுப்பின் முதல் ஆண்டில் இதைத் தொடங்க வேண்டாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டிலும் நடுத்தரமாக முடிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டைப் பொறுப்புக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் வகுப்பில் சேருங்கள்.

பொருளாதாரம் மந்தமாக இருக்கிறது. இப்போதே படிக்கப் போய்விடுவது நல்லதல்லவா?

நீங்கள் சேரும் ஆண்டின் சந்தையைப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு வேலை தரப்போவது முடிக்கும் ஆண்டின் சந்தை. 2007-ல் வேலைச் சந்தை செழித்திருந்தபோது உள்ளே போனவர்கள் 2009-ல் வெளியே வந்தபோது வங்கிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. மந்த காலத்தில் எல்லோரும் இப்படியே நினைப்பதால் விண்ணப்பங்களும் பெருகும், போட்டி கடுமையாகும். இதைவிட உறுதியாகத் தெரிந்தது உங்கள் கையில் இருக்கும் வாய்ப்புதான். நிறுவனம் ஆட்களைக் குறைக்கும் காலத்தில் உங்களுக்குப் பொறுப்பைக் கூட்டுகிறது என்றால் அதை எளிதில் உதறாதீர்கள்.

குடும்பம் இருக்கிறது. அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

எல்லாவற்றுக்கும் முதலில் சேருங்கள். துணைவர் வேலையை விட்டு வர வேண்டி இருந்தால் இழக்கும் சம்பளம் ஒன்றல்ல, இரண்டு. அமெரிக்காவில் மாணவரின் துணைவருக்குத் தரப்படும் எஃப்-2 விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் எம்.பி.ஏ போன்ற முதுநிலைப் படிப்புகளில் சேர்பவர்கள் பெரும்பாலும் குடும்பத்தை உடன் அழைத்துவர முடியாது. பத்து மாதப் படிப்பா, இரண்டு ஆண்டுப் படிப்பா என்ற கேள்விக்குப் பலருக்கு இங்கேதான் விடை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தை பிறக்கப்போகிற ஆண்டு, பெற்றோரின் உடல்நிலை தளர்ந்திருக்கும் ஆண்டு ஆகியவற்றை "தடை" என்று யாராவது பேசினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த ஆண்டு வீட்டில் இருப்பதற்காக வேலை, படிப்பு இரண்டையுமே நிறுத்தி வைத்தவர்கள் பின்தங்கிப் போய்விடவில்லை.

இந்த வேலை சலித்துவிட்டது. அதனால் படிக்கப் போகலாமா?

சலிப்பு வேலையை மாற்றுவதற்குப் போதுமான காரணம், படிப்புக்கு அல்ல. வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே இன்டர்ன்ஷிப்புக்கான நிறுவனங்கள் வளாகத்துக்கு வரத் தொடங்கிவிடும். எந்தத் துறை வேண்டும் என்று தெரியாமல் போனவர் அந்த அலையில் எல்லோரும் போகும் பக்கம் இழுத்துச் செல்லப்படுவார். புதிய பொறுப்பு ஒன்று வந்திருந்தால், சலிப்பு வேலையின் மீதா அல்லது பழைய நிலையின் மீதா என்று அதில் ஆறு மாதம் இருந்து பார்த்துவிடலாம்.

எவ்வளவு யோசித்தும் முடிவுக்கு வர முடியவில்லை. என்ன செய்வது?

யோசிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு பேரைப் போய்ப் பாருங்கள். ஒருவர், உங்களுக்குத் தரப்படும் அதே பொறுப்பில் இப்போது இருப்பவர் அல்லது முன்பு இருந்தவர். மற்றவர், நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்தவர். அப்போதுதான் முடித்தவர் வேண்டாம், அவர் இன்னும் உற்சாகத்தில் இருப்பார். "எப்படி இருக்கிறது" என்று இருவரிடமும் கேட்காதீர்கள். போன செவ்வாய்க்கிழமை காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் சொன்னதைக் கேட்கும்போது, அந்த அறையில் நாம் இருந்திருக்கலாமே என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தெளிந்தது.

கெடு தேதிக்கு மூன்று நாள் முன்பே முடிவெடுத்துவிடுங்கள். வேலையை ஏற்பதென்றால் கல்லூரிக்கு அன்றே எழுதி அனுப்புங்கள். அங்கே காத்திருப்போர் பட்டியலில் ஒருவர், உங்கள் இடம் காலியாவதற்காக நாளுக்குப் பத்து முறை மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.